கடல் கொள்ளுமுன்

அலாஸ்காவின் தென்மேற்கே, பேரிங் கடலின் கரையில், குயின்ஹாகாக் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே யூபிக் மக்களின் முன்னோர் வாழ்ந்த குடியிருப்பொன்று மண்ணுட் புதைந்திருந்தது. அதனை இன்று நூனல்லக் என்பர். அம்மக்களின் மொழியில் 'பழைய ஊர்' என்பது பொருள். ஐரோப்பியர் அங்கு அடிவைக்குமுன், பதினேழாம் நூற்றாண்டில், பகைவர் அவ்வூரைத் தாக்கித் தீக்கிரையாக்கினர். வீடுகள் சரிந்தன; எரியாது எஞ்சியவற்றை உறைபனி நிலம் தன்னுள் அடக்கிக்கொண்டது.

மரமும் புல்லும் மண்ணில் விரைந்து மக்குவன. உறைந்த நிலத்திலோ அவை நூற்றாண்டுகள் கடந்தும் கெடாமல் இருந்தன. ஊராரும் ஸ்காத்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தாரும் கூடி 2009ஆம் ஆண்டில் அகழத் தொடங்கினர். முகமூடிகள், மரப்பாவைகள், புல்லாற் பின்னிய கூடைகள் எனப் பல்லாயிரம் பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றைப் பேணும் காட்சிச்சாலை 2018இல் குயின்ஹாகாக்கிலேயே திறக்கப்பெற்றது. முன்னோர் பொருள் வழித்தோன்றல்களிடமே இருத்தல் முறையன்றோ!

நனைந்த பழமரம் காற்றுப்பட்டு உலர்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஆதலின் அதன் வடிவை முன்னரே பதிந்துகொள்ளுதல் நலம். அதற்கெனக் கணிப்பொறியின் துணையை நாடினர். ஒரு முகமூடியை மேலும் கீழும் சுற்றிலும் நின்று, ஒன்றையொன்று தழுவுமாறு பல நிழற்படங்கள் எடுப்பர். மூக்கின் நுனியிலுள்ள ஒரு கீறல் ஒரு படத்தில் இடப்புறமும் மற்றொன்றில் வலப்புறமும் விழும். அவ்வேறுபாட்டைக் கொண்டு அக்கீறல் இருக்கும் இடத்தைக் கணிப்பொறி கணக்கிடும். நம் இரு கண்கள் தொலைவை அளப்பதும் ஏறக்குறைய இவ்வாறே. இங்ஙனம் எண்ணிறந்த புள்ளிகள் சேர்ந்து முகமூடியின் உருவம் திரையில் எழும். அதனை எப்பக்கமும் திருப்பி நோக்கலாம். பொருளைத் தொடாமலே உளியின் தடத்தை ஆராயலாம். இவ்வாறு பதிந்த உருவங்களைக் கொண்டு, ஊர்ப்பிள்ளைகள் கற்றற்கென 2019இல் ஒரு கணிப்பொறிப் பாடமும் அமைக்கப்பெற்றது.

படி மூலமாகாது என்பது உண்மையே. மரத்தின் எடையையும் மணத்தையும் திரை தாராது. உள்ளே ஓடும் வெடிப்பையும் மேற்புறப் படம் காட்டாது. எனினும் காலம் குறுகியது. நிலத்தின் பனி உருகுகின்றது. கரை ஆண்டுதோறும் இடிகின்றது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயல் அகழிடத்தின் கரையை அரித்துச் சென்றது. ஊரார் கடற்கரையெங்கும் நடந்து, சிதறிக்கிடந்த மரப்பொருள்களைத் தேடி எடுத்தனர். அகழப்படாமலே அலைவாய்ப்பட்டவற்றிற்குப் படமும் இல்லை.