பணம் பத்திரமாக இருந்தது, குரல்?
கைப்பேசித் தரவுகளுக்குக் காப்புப் பிரதி எடுப்பது பற்றி ஒரு கிளை அலுவலரின் பகிர்வு

மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றிய கிளைக்கு, மழைக்காலத்து முற்பகல் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதற்றத்துடன் வந்தார். லோக்கல் ரயிலில் இருந்து நெரிசலில் இறங்கியபோது கைப்பையிலிருந்த கைப்பேசி காணாமற்போயிருந்தது. அவருடைய கணக்கில் யு.பி.ஐ. வசதியையும் கைப்பேசி வங்கிச் சேவையையும் உடனே நிறுத்தினோம். கணக்கைச் சரிபார்த்தோம், ஒரு ரூபாயும் குறையவில்லை. அடுத்து சிம் அட்டையை முடக்கச் செய்தோம். அவர் மூச்சு சற்றுச் சீரானது.

"அம்மா, இனி அந்தக் கைப்பேசியில் உள்ளவற்றைத் தொலைவிலிருந்தே அழித்துவிடுங்கள். எடுத்தவர் கையில் எதுவும் சிக்காது" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அழித்தால் அவர் குரலும் போய்விடுமா, தம்பி?"

முந்தைய ஆண்டு மறைந்த அவருடைய கணவர் அனுப்பியிருந்த குரல் செய்திகளும், இருவரும் கடைசியாக இராமேசுவரம் சென்றபோது எடுத்த படங்களும் அந்த ஒரு கருவியில் மட்டுமே இருந்தன. காப்புப் பிரதி எதுவும் எடுக்கப்படவில்லை. அழித்தால் அவை போய்விடும். அழிக்காவிட்டால் முகம் தெரியாத ஒருவர் கையில் அவை இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் அன்று பிற்பகல் வரை எங்கள் கிளையின் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார்.

பணத்துக்கு அந்தத் தடுமாற்றம் நேரவில்லை. ஏன் என்பதை எண்ணிப் பார்த்தால், காப்புப் பிரதி என்பதன் பொருள் முழுவதும் விளங்கிவிடும்.

வங்கி செய்வதும் நாம் செய்யாததும்

உங்கள் பணம் உங்கள் கைப்பேசியில் இல்லை. கைப்பேசியில் இருப்பது, வங்கியின் கணினிகளை எட்டுவதற்கான ஒரு வாயில் மட்டுமே. கணக்கு விவரங்கள் வங்கியின் முதன்மைத் தரவு மையத்தில் உள்ளன. வெள்ளமோ நிலநடுக்கமோ தீயோ அந்த மையத்தைத் தாக்கினாலும் பணி தடைபடாதிருக்க, தொலைவிலுள்ள பேரிடர் மீட்பு மையத்திலும் அவற்றின் பிரதி வைக்கப்படுகிறது. அந்தப் பிரதி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை ஒத்திகை நடத்தியும் வங்கிகள் சோதிக்கின்றன.

தனிமனிதருக்கும் இதே நெறி பொருந்தும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய '3-2-1' விதி இதைச் சுருங்கச் சொல்கிறது: முக்கியமான தரவுக்கு 3 பிரதிகள், அவை 2 வகைச் சேமிப்புகளில், அவற்றில் 1 பிரதி வேறிடத்தில். கைப்பேசியில் உள்ள படம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, வீட்டுக் கணினியிலோ புறநிலை வன்தட்டிலோ மற்றொன்று. அவ்வளவே.

எதற்குப் பிரதி, எதற்கு மறுபதிவு

கைப்பேசியில் உள்ளவற்றை நான்காகப் பிரித்துக்கொள்வது நல்லது.

*தொடர்பு எண்கள்.* பலருடைய எண்கள் இன்னும் சிம் அட்டையிலோ கருவியின் நினைவகத்திலோ மட்டும் உள்ளன. தொடர்புகள் செயலியைத் திறந்து, புதிய எண்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். அது உங்கள் கூகுள் கணக்காகவோ, ஐபோன் எனில் ஐகிளவுடாகவோ இருக்கட்டும். அப்போது புதிய கருவியில் கணக்கைத் திறந்தவுடன் எண்கள் தாமே வந்து சேரும்.

*படங்களும் காணொளிகளும்.* கூகுள் போட்டோஸ் செயலியில் காப்புப் பிரதி வசதியை நீங்களே இயக்க வேண்டும். கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம், ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் பதிவேற்றப்படும் படங்கள் இந்த அளவில் கணக்கிடப்படுகின்றன. ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே. இடம் நிரம்பிவிட்டால் பிரதி எடுப்பது ஓசையின்றி நின்றுவிடும். 'இடம் நிரம்பியது' என்ற அறிவிப்பை நாம் தள்ளிவிடும் நாளிலிருந்து எடுக்கும் படங்களுக்குப் பிரதி இல்லை என்று பொருள்.

*அரட்டைகள்.* வாட்ஸ்அப் உரையாடல்கள் கைப்பேசியின் பொதுவான காப்புப் பிரதியில் சேர்வதில்லை என்று கொண்டு, அவற்றுக்குத் தனியே ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் செயலியின் அமைப்புகளில் 'அரட்டைகள்' பகுதிக்குள் காப்புப் பிரதி வசதி உள்ளது. நாள்தோறும், வாரந்தோறும், மாதந்தோறும் எனத் தேர்ந்தெடுக்கலாம். காணொளிகள் வேண்டுமெனில் அதையும் தனியே குறிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்தப் பிரதியும் கூகுள் கணக்கின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. 2021 முதல் இந்தப் பிரதியைக் கடவுச்சொல்லாலோ 64 இலக்கக் குறியீட்டாலோ பூட்டும் வசதியும் உண்டு. பூட்டுவது நன்று, ஆனால் அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் எவராலும் திறந்து தர இயலாது.

*செயலிகள்.* ஆண்ட்ராய்டின் காப்புப் பிரதி, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலையும், அனுமதிக்கப்பட்ட செயலிகளின் தரவையும், அழைப்பு வரலாறு, குறுஞ்செய்திகள், கருவியின் அமைப்புகள் ஆகியவற்றையும் காக்கிறது. அமைப்புகளில் 'கூகுள்' பகுதிக்குள் இதைக் காணலாம். வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும் இதற்கு விலக்கு. புதிய கருவியில் அவற்றின் சின்னம் தோன்றினாலும் கணக்கு தானாகத் திறக்காது. இது குறையன்று, உங்கள் பாதுகாப்புக்கான ஏற்பாடு. யு.பி.ஐ. பதிவு, குறிப்பிட்ட சிம்மையும் குறிப்பிட்ட கருவியையும் இணைத்துக் கட்டப்படுவது. ஆகவே புதிய கைப்பேசியில் அதே எண்ணுள்ள சிம்மைப் போட்டு, அந்தக் கருவியிலிருந்தே குறுஞ்செய்தி சென்று சரிபார்க்கப்பட்ட பிறகே கணக்கு இணையும். உங்கள் பிரதியைத் திருடியவருக்குப் பணம் எட்டாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கூகுள் போட்டோஸ் போன்றவை கைப்பேசியையும் இணையச் சேமிப்பையும் ஒத்திசைக்கின்றன. கைப்பேசியில் இடம் வேண்டுமென்று அந்தச் செயலிக்குள் சென்று ஒரு படத்தை நீக்கினால், இணையச் சேமிப்பில் உள்ளதும் சேர்ந்தே நீங்கும். பிரதி எடுக்கப்பட்ட படமாயின் 60 நாள்கள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும்; அதன்பின் மீளாது. இடம் மட்டும் வேண்டுமெனில், 'இடத்தைக் காலியாக்கு' என்ற தனி வசதியையே பயன்படுத்துங்கள். அது கருவியில் உள்ளதை மட்டும் நீக்கும்.

இன்னொன்று: ஒரு ஆண்ட்ராய்டு கருவியை 57 நாள்கள் பயன்படுத்தாதிருந்தால் அதன் காப்புப் பிரதி அழிக்கப்படலாம். பழைய கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, 'பிரதி இணையத்தில்தானே இருக்கிறது' என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இவை போன்ற காரணங்களால்தான், ஆண்டுக்கு ஓரிரு முறையாவது படங்களை ஒரு வன்தட்டில் தனியே நகலெடுத்து வைப்பது அறிவுடைமை.

பெட்டிக்குள் பூட்டிய சாவி

பிரதி இருந்தும் அதை எட்ட முடியாதவர்கள் உண்டு. கூகுள் கணக்கைப் புதிய கருவியில் திறக்க முயன்றால், சரிபார்ப்புக் குறியீடு பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணோ தொலைந்த கைப்பேசியில் இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு ஒப்பானது இது.

இதற்குத் தீர்வு எளிது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மீட்பு எண்ணாக, வீட்டிலுள்ள நம்பிக்கைக்குரிய ஒருவரின் எண்ணைச் சேர்க்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். கூகுள் தரும் ஒருமுறைக் காப்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, வைப்புத்தொகை ரசீதுகள் இருக்கும் இடத்தில் வையுங்கள். *#06# என்று அழுத்தினால் தெரியும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அதே காகிதத்தில் குறித்து வையுங்கள்; கைப்பேசி தொலைந்த நாளில் அது தேவைப்படும்.

பிரதி எடுக்கக் கூடாதவை

காப்புப் பிரதி நல்லதையும் தீயதையும் பிரித்தறியாது. இருப்பதையெல்லாம் எடுத்துச் செல்லும். பற்று அட்டையின் இருபுறப் படம், அட்டையின் பின்புற மூன்றிலக்க எண், ஏ.டி.எம். ரகசிய எண், யு.பி.ஐ. ரகசிய எண், இணைய வங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றைப் படமாகவோ குறிப்பாகவோ, தொடர்பு எண் போல வேடமிட்டோ கைப்பேசியில் வைத்திருந்தால், இன்றே நீக்குங்கள். ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு அரசின் டிஜிலாக்கர் உள்ளது. அவற்றைப் படங்களோடு கலந்து வைக்கத் தேவையில்லை.

'உங்கள் பழைய தரவை மீட்டுத் தருகிறோம்' என்று அழைப்பவர் சொல்லும் செயலியை நிறுவாதீர்கள். உங்கள் திரையைப் பகிராதீர்கள். எந்த வங்கி அலுவலரும் அதைக் கேட்க மாட்டார்.

தொலைந்த அந்த நாளில்

வரிசை முக்கியம். முதலில், வங்கிக்குத் தெரிவித்து யு.பி.ஐ., கைப்பேசி வங்கிச் சேவை ஆகியவற்றை நிறுத்துங்கள். அதோடு சிம்மை முடக்குங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வருவது அந்த எண்ணுக்குத்தான். அடுத்து, வேறொரு கருவியில் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைத் திறந்து, தொலைந்த கைப்பேசியைப் பூட்டவோ அழிக்கவோ ஆணையிடுங்கள். அது இணையத்தோடு இணையும்போது ஆணை நிறைவேறும். காவல் துறையில் புகார் அளித்து, அந்தப் புகாரின் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாகக் கைப்பேசியையே முடக்கலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பைக் குறைக்கும்.

இந்த வரிசையில், 'அழிக்கவும்' என்ற பொத்தானை அழுத்தும் இடத்தில்தான் பலருடைய விரல் நின்றுவிடுகிறது. பிரதி வைத்திருப்பவர் தயங்காமல் அழுத்துவார். காப்புப் பிரதி நினைவுகளை மட்டும் காப்பதில்லை. ஆபத்து நேரத்தில் உறுதியாக முடிவெடுக்கும் துணிவையும் தருகிறது.

மாட்டுங்காவில் நடந்தது

அந்த அம்மையாரின் கதைக்கு வருவோம். பிற்பகலில் புணேயிலுள்ள தம் மகனிடம் எங்கள் கிளைத் தொலைபேசியில் பேசினார். பேச்சின் நடுவே மகன் எதையோ தேடினார். பின்னர் ஒலிவாங்கி வழியே ஓர் ஆண் குரல் கேட்டது: மழை வரும்போல இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ என்ற ஒரே ஒரு வாக்கியம். குடும்பக் குழுவில் அப்பா அனுப்பியிருந்த செய்தி. மகனுடைய கைப்பேசியிலும் அது தங்கியிருந்தது.

எவரும் திட்டமிடாமல், வேறிடத்தில், வேறு கருவியில் இருந்த ஒரு பிரதி அது. அம்மையார் இரண்டாம் முறை கேட்டார். பிறகு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லைக் கொண்டு, தம் கையாலேயே அழிக்கும் ஆணையை இட்டார். குழுவில் பகிரப்பட்ட செய்திகள் மகனிடமிருந்து கிடைத்தன. அவருக்கென்றே தனியே வந்த செய்திகளும், இராமேசுவரத்துப் படங்களும் திரும்பவில்லை.

சில வாரங்கள் கழித்துப் புதிய கைப்பேசியுடன் வந்தார். யு.பி.ஐ.யை மீண்டும் பதிவு செய்துகொண்டபின், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'காப்புப் பிரதி நிறைவடைந்தது' என்று இருந்தது. "வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன், தம்பி" என்றார், பாடம் ஒப்பிக்கும் மாணவியைப் போல.

ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று வங்கிகள் ஆண்டுக் கணக்கை முடிக்கின்றன. அதே நாள் உலகக் காப்புப் பிரதி நாளாகவும் கொண்டாடப்படுகிறது. அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு கைப்பேசியை மின்னேற்றியில் இணைக்கும்போது, கடைசியாகப் பிரதி எடுக்கப்பட்ட தேதியை மட்டும் பாருங்கள். பிறகு, ஒத்திகையாக, பழைய படம் ஒன்றை வேறொரு கருவியில் உங்கள் கணக்கின் வழியே திறந்து பாருங்கள். திறந்தால், உங்கள் பிரதி உண்மையானது. திறக்காவிட்டால், அதைச் சரிசெய்ய உங்கள் கைப்பேசி இன்னும் உங்கள் கையிலேயே இருக்கிறது.