'வாங்கு' பட்டனை அழுத்தினா கேம் உங்களுக்குச் சொந்தமா?

எங்க ஊர் மேலநீலிதநல்லூர்ல இருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கின கேம் சிடி ஒண்ணு இன்னும் வீட்டு அலமாரியில கிடக்கு. (ஒரிஜினலான்னு கேக்காதீங்க.) அதைப் போட இப்ப லேப்டாப்ல டிரைவ் இல்ல. ஆனா அந்த சிடியை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

இப்ப நீங்க சம்பளத்துல வாங்குற கேம் அப்படி இல்லை. யூபிசாஃப்ட் 2014-ல வெளியிட்ட 'தி க்ரூ' கார் ரேஸ் கேமைப் பாருங்க. 2024 மார்ச் 31-ல சர்வரை நிறுத்தினாங்க. அடுத்த மாசமே, காசு கொடுத்து வாங்கினவங்க கணக்குல இருந்த உரிமத்தையும் எடுத்துட்டாங்க. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் பிரயோஜனம் இல்லை. சர்வர் இல்லாம அது ஓடாது.

நம்ம நாட்டுல பப்ஜி கதை ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பர் 2-ல மத்திய அரசு தடை, அக்டோபர் 30-ல சர்வரும் மூடியாச்சு. யூசி வாங்கி ஸ்கின் சேர்த்தவங்க மாசக்கணக்கா காத்திருந்து, 2021-ல பிஜிஎம்ஐ வந்த பிறகுதான் பழைய கணக்கை மாத்திக்க முடிஞ்சுது. 2022 ஜூலையில அதுவும் ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு. திரும்பி வந்தது 2023 மே மாசம்.

ஸ்டீம்ல காசு கட்டுற இடத்துலயே, கிடைக்கிறது உரிமம் மட்டும்தான்னு 2024-ல இருந்து எழுதியிருக்கு. யாரு படிக்கிறா?

அப்ப சந்தாவே மேலா? கணக்கு போடுவோம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் மாசம் 829 ரூபாயா இருந்தது. 2025 அக்டோபர்ல புதுசா சேர்றவங்களுக்கு 1,389 ஆச்சு. வருஷத்துக்கு 9,948 ரூபாய் இருந்த செலவு 16,668. நிறுத்தினா, டவுன்லோட் பண்ணி வச்ச கேம் கூட திறக்காது.

மாசம் மூணு நாலு புது கேம் முடிக்கிறவங்களுக்கு இது லாபம்தான், மறுக்கல. ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரே கேமை ஆறு மாசம் இழுக்குற ஆளா இருந்தா, தள்ளுபடியில அந்த ஒண்ணை மட்டும் வாங்குங்க. ஜிஓஜி தளத்துல கிடைச்சா இன்னும் நல்லது. இன்ஸ்டாலர் ஃபைலையே ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சுக்கலாம்.

ஆட்டோபே போட்டிருந்தா, பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி தகவல் வரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. அடுத்த மெசேஜ் வரும்போது, கடைசியா என்னைக்கு விளையாடினீங்கன்னு திறந்து பாருங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா, அன்னைக்கே யூபிஐ ஆப்ல ஆட்டோபேயை நிறுத்திடுங்க.