மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை

எல்லையோர ஊர்கள் – 9

பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடைக்குப் போகிற வழியில் இருக்கிறது ஊரூட்டம்பலம். அங்குள்ள அரசு யு.பி. பள்ளிக்கு ஐயன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்து 2022ல் சூட்டியது கேரள அரசு. பஞ்சமி, பூசாரி ஐயன் என்பவரின் மகள். சாதியின் பெயரால் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட புலையர் வீட்டுச் சிறுமி. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்தப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்காரவைத்தார் அதே சமூகத்துத் தலைவர் ஐயன்காளி. ஆதிக்க சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்தது போக மிஞ்சிய ஒரு பெஞ்ச் இன்றும் அங்கே இருக்கிறது. தொடர்ந்து வெடித்த கலவரத்தைத் திருவிதாங்கூரில் ‘தொண்ணூறாமாண்டு லஹள’ என்றார்கள். கொல்லம் ஆண்டு 1090, அதாவது 1914–15.

பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போவதைப் பற்றி இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது, இந்த மண்ணில் இந்தக் கதையைத் தாண்டி வேறெங்கும் தொடங்க முடியவில்லை.

ஐயன்காளி பிறந்தது 1863ல், அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவின் வெங்ஙானூரில். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. சொந்த ஊரில் பிள்ளைகளுக்காக அவர் எழுப்பிய குடிப்பள்ளிக்கூடத்தையும் எரித்தார்கள். 1907ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று கூலிக்காரர்களை நிறுத்திவைத்தார். கூலி உயர்வும் ஓய்வும் கேட்டார்கள்; அவற்றோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கேட்டதுதான் புதிது. வயலை நம்பியே அடுப்பு எரிந்த வீடுகள் அவை. பட்டினி நெருக்கியபோது விழிஞ்ஞம் மீனவர்கள் கைகொடுத்தார்கள். வயல்காரர்களைத் தங்கள் வள்ளங்களில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாஜிஸ்திரேட் ஒருவர் நடுவராக வந்து பேசித் தீர்க்கவேண்டியிருந்தது.

பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்று 1910லேயே அரசாணை வந்துவிட்டது. ஆணை தாளில் இருந்தவரை எதிர்த்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளை வகுப்புக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் தீப்பந்தம் எடுத்தார்கள். நெய்யாற்றின்கரையில் பிறந்தவர், திவானை எதிர்த்து எழுதி நாடுகடத்தப்பட்டவர், பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நாம் இன்றும் கும்பிடுகிற சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. அவரும்கூட அதே 1910ல், இந்தப் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்றுதான் எழுதினார். அவர்மேல் மதிப்புள்ளவர்கள் இதையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய மனிதரையும் கலங்கவைத்தது என்ன? ஒரே கூரையின் கீழ், ஒரே பாடத்தை, நாள் தவறாமல் சேர்ந்து படித்தால் பிள்ளைகளுக்கு நடுவே இருக்கும் தூரம் குறைந்துவிடும் என்பது எதிர்த்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1937ல் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தன் மக்களில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்கவேண்டும் என்றுதான் ஐயன்காளி தன் ஆசையைச் சொன்னார்.

இன்று பாறசாலையிலோ வெள்ளறடையிலோ பள்ளியில் சேராத பிள்ளையைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஜூன் மாதம் பிரவேசனோற்சவம் நடக்கும். பலூன் கட்டி, இனிப்புக் கொடுத்து வரவேற்பார்கள். பள்ளி திறந்த ஆறாம் பிரவர்த்தி (வேலை) நாளன்று தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதெல்லாம் முடிவாகும். அதனால் ஒரு பிள்ளையும் விடுபடக்கூடாது என்று வீடு வீடாகப் போகிற ஆசிரியர்களும் உண்டு. அந்த ஆறாம் நாள் அக்கறை அறுபதாம் நாளும் நூற்று அறுபதாம் நாளும் வேண்டும் என்பதுதான் நான் சொல்லவருவது.

மலையோரம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து அனுப்புவது பத்து வயது அக்காவின் பொறுப்பு. தம்பி நேரத்துக்குப் போய்விடுவான், அவள் பிந்துவாள். பொழியூர்க் கடற்கரையில் ஆனி, ஆடிக் கடல் வீட்டுக்குள் வந்துவிட்டால் புத்தகப்பையோடு முகாமுக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் சொந்தபந்தம். ஓணத்துக்கும் விடுப்பு, களியக்காவிளைக்கு அப்பால் அம்மா வீட்டுக் கோயில் கொடை என்றால் அதற்கும் இரண்டு நாள். பொங்கலுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு அரசே விடுமுறை தருகிறது; ஆனால் ஊருக்குப் போன பிள்ளை காணும் பொங்கலும் கழிந்துதான் திரும்பும்.

மாதம் இரண்டு நாள் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் வேண்டும் என்கிறது. மாதம் இரண்டு நாள் வீதம் பத்து மாதத்தில் 20 நாள் போகிறது. பத்தில் ஒரு பங்கு. நாள்தோறும் கால்மணி நேரம் பிந்தி வருகிற பிள்ளை இழப்பது 50 மணி நேரம். சட்டத்தின் கணக்குப்படியே அது பன்னிரண்டு நாளுக்கும் மேல். வருகைப் பதிவேட்டிலோ அந்தப் பிள்ளைக்கு முழு வருகை. கழித்தலில் கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்த அன்று வராத பிள்ளைக்கு, அடுத்த வாரம் வகுத்தலும் புரியாது. வகுப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும்.

பிந்தி வந்தால் வாசலில் நிறுத்துவது, வராந்தாவில் முட்டி போடவைப்பது, கேட்டைப் பூட்டுவது இவையெல்லாம் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. கால்மணி நேரத்தை இழந்துவிட்டு வந்த பிள்ளையிடமிருந்து மேலும் அரைமணியைப் பறிக்கிற தண்டனை அது. நாளைக்குப் பிந்திவிட்டால் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். ஏன் பிந்தினாய் என்று உள்ளே உட்காரவைத்துக் கேட்டால், அந்த அக்காளின் காலைப்பொழுது ஆசிரியருக்குத் தெரியவரும். ஒரு பக்கத்து வீட்டுச் சேச்சி தம்பியைப் பார்த்துக்கொண்டாலே தீர்ந்துபோகிற பிரச்சினையாகவும் அது இருக்கலாம்.

எல்லைக்கு அப்பால் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் வந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியதாக மாநிலத் திட்டக்குழு சொன்னது. வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாத தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை! உப்புமாவும் சாம்பாரும் மணி அடிக்கும் முன்பே பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. கேரளத்திலும் சில உள்ளாட்சிகள் காலை உணவு தருகின்றன. அது எல்லாப் பள்ளிக்கும் வரவேண்டும், முதலில் கடலோரத்துக்கும் மலையோரத்துக்கும்.

எல்லையோரத்துக்கே உரிய இன்னொன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குடும்பங்கள் இன்றும் வேலைக்காக, வாடகைக்காக இங்கும் அங்கும் மாறுகின்றன. பாறசாலையில் டி.சி. வாங்கிய பிள்ளை களியக்காவிளையில் சேரும்வரை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாணவர் விவரங்களைப் பதிகிற கேரளத்தின் ‘சம்பூர்ணா’ வேறு, தமிழ்நாட்டின் ‘எமிஸ்’ வேறு. இடையில் போவது ஒரு வாரமா, மூன்று மாதமா என்று கேட்க ஆளில்லை. டி.சி. கொடுத்த தலைமையாசிரியர், பிள்ளை சேரப்போவதாகச் சொன்ன பள்ளிக்கு அன்றே ஒரு போன் போடலாம். பத்து நாள் கழித்து இன்னொன்று. நெய்யாற்றின்கரை, கன்னியாகுமரி கல்வி அலுவலகங்கள் இதை ஒரு வழக்கமாக எழுதிவைக்க வேண்டும். இரண்டு அரசுகளின் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

(தொடரும்)