ஆற்றோடு இறங்கி, ரயில் பாதையில் ஏறி!

ஆற்றின் போக்கில் படகு விடுவது எளிது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆழமான மலைப் பள்ளத்தாக்கில் பைன் கிரீக் என்னும் சிற்றாறு ஓடுகிறது. இங்கே வருபவர்கள் முதலில் பிளாக்வெல் என்ற ஊரில் சைக்கிளைப் பூட்டி வைக்கிறார்கள். பிறகு காரில் மேலேயுள்ள அன்சோனியாவுக்குச் சென்று, கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை நீரில் இறக்குகிறார்கள். ஆற்றோடு சுமார் 27 கிலோமீட்டர் வந்து, பிளாக்வெல்லில் படகைப் பூட்டிவிட்டு, சைக்கிளில் காருக்குத் திரும்புகிறார்கள்.

மலையில் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பதா என்று நீங்கள் மலைக்க வேண்டாம். அது 1883-ல் திறக்கப்பட்ட ரயில் பாதை. 1988-ல் கடைசி ரயில் ஓடியது. பின்னர் தண்டவாளங்களை அகற்றி, பொடித்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பினார்கள். 1996-ல் சைக்கிள் பாதையின் முதல் பகுதி திறக்கப்பட்டது.

எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சரிவு அதிகமானால் எஞ்சினின் சக்கரம் பிடிப்பின்றி வழுக்கிவிடும். ஆகவே, நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏறாதபடி ரயில் பாதைகளைப் பெரும்பாலும் அமைப்பார்கள். சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். இந்தச் சரிவில் உங்களைப் பின்னுக்கு இழுக்கும் விசை 1.6 கிலோ எடைக்குச் சமம், அவ்வளவுதான்! மலையைக் குடைந்து மென்சரிவை உண்டாக்கும் வேலையை ஆறு முன்பே முடித்துவிட்டது. பொறியாளர்கள் அதன் கரையைப் பின்பற்றினார்கள்.

ஆனால் ஆறு பாதையைப் போல ஒரே சீராக இறங்குவதில்லை. சிறிது தூரம் குளம்போல் அமைதியாக இருக்கும். பாறைகள் குவிந்து, படுகை குறுகிய இடத்தில் சட்டென்று இறங்கி நுரைக்கும். ஓவாசி என்ற இடம் அப்படிப்பட்டது.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். பனியுகத்துக்கு முன் இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடியது. பனிப்பாறை வழியை அடைக்கவே, தேங்கிய நீர் தெற்கே வழிந்து மலையை அறுத்தது. இன்றும் அது தெற்கேதான் ஓடுகிறது.

படகு விட ஏற்ற காலம் வசந்தம். பனி உருகி நீர் பெருகும். கோடையில் படகு கல்லில் உராயும். ஆபத்தும் வசந்தத்தில்தான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். படகு கவிழ்ந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் கற்களுக்கிடையே சிக்கினால், இடுப்பளவு நீரே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கவே கூடாது.

குளிர் இன்னொரு எதிரி. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பனி உருகிய நீரில் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்து, துடுப்பைப் பற்ற முடியாமல் போகும். நனைந்த உடையோடு சைக்கிளில் ஏறினால், எதிர்க்காற்று மிச்சமிருக்கும் சூட்டையும் பறித்துவிடும். எனவே விவரம் தெரிந்தவர்கள், காலையில் சைக்கிளைப் பூட்டும்போதே ஒரு பையில் கம்பளிச் சட்டையும் உலர்ந்த காலுறையும் கட்டி அதில் தொங்கவிட்டுச் செல்வார்கள்.