பெயின்ட் அடித்த பிறகும் துரு ஏன் திரும்ப வருகிறது?

2014-இல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடர் ஒன்றை வீட்டிலேயே புதுப்பிக்கிறீர்கள். கதவின் அடிவிளிம்பில் துருவைத் தேய்த்து, பட்டி பூசி, பெயின்டும் அடித்தாயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம். ஏன்?

சொத்தைப் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சொத்தையைச் சுரண்டாமல் மேலே அடைத்துவிட்டால் உள்ளே அரிப்பு நிற்குமா?

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. தான் தின்ற இரும்பைவிட அது அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்டைத் தூக்குகிறது. நுண்துளைகள் நிறைந்திருப்பதால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரென்றால் உப்பும் சேர்ந்து வேகம் கூடும்.

பெரும்பாலும் துரு தகட்டின் உட்புறத்தில்தான் தொடங்குகிறது. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள வடிகால் துளை அடைத்துக்கொண்டால் அங்கேயே தேங்கிவிடும். நீங்கள் வெளியே காண்பது கடைசிக் கட்டம்.

எப்படிச் சரிசெய்வது? பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள், தயங்கவே வேண்டாம். அதே தடிமனில் புதுத் தகடு வைத்துப் பற்றவையுங்கள். ஒரே இழுப்பாக வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இடம் மாற்றி மாற்றி, புள்ளி புள்ளியாக, ஆறவிட்டுச் செய்யுங்கள். பிரைமர் உட்புறத்துக்கும் வேண்டும். பட்டி கடைசியில், மெல்லிசாக.

அந்த வடிகால் துளையையும் மறக்காமல் ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.