குறுந்தகடு ஏன் பாதியில் வீணாகிறது?

மாணவர்களே! பழுதான மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? அதிலுள்ள குறுந்தகடு எழுதும் கருவியைக் கழற்றுங்கள். அதன் தடிமன் 12.7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்று அளந்து, அதற்கேற்ற யு.எஸ்.பி. உறையில் பொருத்துங்கள். குறைந்த செலவில் வெளிக்கருவி தயார்!

ஆனால் சில வேளை ஒரு விந்தை நிகழும். பாட்டுத் தகடு ஒழுங்காக ஒலிக்கும். எழுதத் தொடங்கினாலோ பாதியில் நின்றுவிடும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகடு வீண்தான். காரணம் என்ன?

படிக்கும்போது லேசர் ஒளி தகட்டில் பட்டுத் திரும்பினால் போதும். எழுதும்போதோ அது தகட்டிலுள்ள சாயப் படலத்தைச் சூடாக்கி மாற்ற வேண்டும். அதற்குப் பன்மடங்கு ஒளித்திறன் தேவை. யு.எஸ்.பி. 2.0 செருகுவாய் தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 2.5 வாட். கருவியின் மேலுள்ள சீட்டில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருந்தால், உச்சத் தேவை 7.5 வாட்! பற்றாக்குறை புரிகிறதல்லவா?

ஆகவே, தனி மின்இணைப்பு வசதியுள்ள உறையையே வாங்கி, அதற்குரிய 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை இணையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கருவியைத் திறந்து வைத்து இயக்காதீர்கள். குறுந்தகட்டு லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். அது கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும்.