ராத்திரி 11 மணிக்கு `பசிக்குது' என்கிறார்களா குழந்தைகள்? தூக்கத்தைக் கவனியுங்கள்!

கொரோனாவால் மூடப்பட்டிருந்த பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக 2021 நவம்பர் 1-ம் தேதி தமிழகத்தில் திறக்கப்பட்டுவிட்டன. ஆனால், பல வீடுகளில் காலை நேரம் போராட்டமாகத்தான் விடிகிறது. எழுப்பினால் எழுவதில்லை, எழுந்தாலும் `டிபன் வேண்டாம்' என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். அதே குழந்தைதான் ராத்திரி 11 மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது.

`நொறுக்குத்தீனிப் பழக்கம்' என்று திட்டுவதற்கு முன், குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று பாருங்கள்.

ஊரடங்கில் என்ன நடந்தது?

பள்ளி மணி ஒலிக்காத மாதங்களில் ஆன்லைன் வகுப்பு, கார்ட்டூன், மொபைல் கேம் என்று நாள் நீண்டது. படுக்கும் நேரம் தள்ளிப்போக, சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போனது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இத்தாலியின் வெரோனாவில், உடல் பருமன் உள்ள 41 குழந்தைகளை 2020 ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் ஆய்வு செய்தார்கள். திரை பார்க்கும் நேரம் தினமும் கிட்டத்தட்ட 5 மணி நேரம் கூடியிருந்தது. சாப்பிடும் வேளைகளில் சராசரியாக ஒன்று அதிகரித்திருந்தது. சிப்ஸும் இனிப்பு பானங்களும்கூட அதிகமாகியிருந்தன.

அந்தக் குழந்தைகள் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவும் செய்தார்கள். வீட்டில் இருந்தபோது அது முடிந்தது. இப்போது தாமதமாகப் படுத்தாலும் பள்ளிக்குச் சீக்கிரம் எழ வேண்டும். அதனால் தூக்கம் குறைகிறது.

தூக்கம் குறைந்தால் ஏன் பசிக்கிறது?

`போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். பசியைத் தூண்டுவது கிரெலின். 2004-ல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்றில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். நன்றாகத் தூங்கிய நாள்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18% குறைந்திருந்தது. கிரெலின் 28% கூடியிருந்தது. இனிப்பு, உப்புப் பண்டங்கள் மீதான ஆசையும் அதிகரித்தது.

8 முதல் 11 வயதுக் குழந்தைகள் 37 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, 2013-ல் வெளியானது. தூக்கத்தைக் குறைத்த வாரத்தைவிட, கூடுதலாகத் தூங்கிய வாரத்தில் அவர்கள் தினமும் சராசரியாக 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

எவ்வளவு தூக்கம் தேவை?

ஒரு நாளைக்கு 3-5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். 6-12 வயதுக்கு 9 முதல் 12. 13-18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. காலை 6.30-க்கு எழ வேண்டிய 8 வயதுக் குழந்தை, 9.30-க்காவது தூங்கியிருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

* ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். எழுந்ததும் சிறிது நேரம் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

* படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள்.

* இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடியுங்கள். மாலைக்குப் பிறகு காபி, டீ, கோலா வேண்டாம்.

* தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மொபைலை ஹாலில் சார்ஜ் போட்டுவிடுங்கள். பெரியவர்களின் மொபைலும் சேர்த்துத்தான்.

* காலையில் பசியில்லை என்றால் ஓர் இட்லியில் தொடங்குங்கள். இரவுத் தீனி குறையக் குறைய, காலைப் பசி தானே திரும்பும்.

தினமும் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, எடை வேகமாகக் கூடினாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.